இணையத்தில் நாவல் எழுத ஆசையா? முதலில் ஒரு சிறுகதையை முடியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். படம் பார்ப்பார்கள், கேம்ஸ் ஆடுவார்கள், மாமா வீட்டுக் கல்யாண போட்டோக்களை ஒரு ஃபோல்டரில் அடுக்குவார்கள். இரண்டாவது மாதத்தில் தமிழில் டைப் செய்யக் கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு சிலருக்கு ஓர் ஆசை வரும். நாமும் ஒரு நாவல் எழுதி இணையத்தில் வாரா வாரம் போட்டால் என்ன?

நல்ல ஆசைதான். கதையைத் தபாலில் அனுப்பிவிட்டு, பதில் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. எழுதியதை நாமே வெளியிடலாம். அன்று இரவே முகம் தெரியாத ஒருவர் அதைப் படித்துவிடலாம். ஆனால் இப்படித் தொடங்கும் நாவல்களில் பல, ஏழாவது எட்டாவது அத்தியாயத்தோடு நின்றுவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே 'தொடரும்' என்று போட்டிருக்கும். தொடராது.

நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 28. பகலில் புரோகிராம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் கதை. என் மனதிலும் ஒரு நாவல் இருக்கிறது. பவானியில் ஜமக்காளம் நெய்யும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. அதன் முதல் அத்தியாயத்தை வெளியிடும் முன் தனித்தனியாக ஆறு சிறுகதைகளை எழுதி முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பயிற்சியால் என்ன கிடைக்கும், கம்ப்யூட்டரில் அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

வாரம் ஓர் அத்தியாயம், ஓர் அத்தியாயத்துக்கு 1500 வார்த்தை, மொத்தம் 60 அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90,000 வார்த்தை. நடுவில் காய்ச்சல், கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் எதுவுமே வராவிட்டாலும் 60 வாரம், அதாவது சுமார் 14 மாதம் ஆகும். இந்த 14 மாதத்தில் நீங்கள் ஒரு கதையை எத்தனை முறை முடித்திருப்பீர்கள்? ஒரே ஒரு முறை. அதுவும் கடைசி வாரத்தில்.

அதே நேரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு சிறுகதை எழுதினால் 30 கதை. 30 முறை தொடங்கி 30 முறை முடித்திருப்பீர்கள். தொடங்குவது எல்லோருக்கும் வருகிறது. முடிப்பதுதான் தனி வித்தை, அது முடித்து முடித்துத்தான் வரும்.

புரோகிராமிங் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. கெர்னிகனும் ரிட்சியும் 1978ல் எழுதிய சி மொழிப் புத்தகத்தில் முதல் பயிற்சியே 'ஹலோ வேர்ல்ட்' என்று திரையில் காட்டும் ஒரு குட்டி புரோகிராம்தான். அதனால் யாருக்கும் உபயோகம் இல்லை. ஆனால் அது முழுசு. டைப் செய்கிறோம், கம்பைல் செய்கிறோம், ஓடுகிறது, விடை கண் முன்னால் தெரிகிறது. வங்கி முழுவதற்குமான புரோகிராமை எழுதுகிறவரும் முதல் நாள் இதைத்தான் எழுதியிருப்பார். ஒரு பெரிய புரோகிராமின் நடுவிலிருந்து 50 வரியை மட்டும் எடுத்து எழுதிப் பழகச் சொன்னால், அது சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. மீதி வரட்டும், பார்க்கலாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அத்தியாயம் கடன் வாங்கும்

தொடர்கதை அத்தியாயத்தின் சௌகரியமே இந்த 'மீதி வரட்டும்'தான். வாசலில் ஒரு மர்ம ஆளை நிறுத்திவிட்டு 'தொடரும்' போடலாம். அந்த ஆள் யார் என்று எழுதுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம், அடுத்த வாரம் யோசித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அத்தியாயமும் வாசகரிடம் இப்படிக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டே போகிறது. எட்டாவது அத்தியாயத்தில் கடன் கழுத்துக்கு வந்துவிடும். அப்போதுதான் நாவல் நின்றுபோகிறது என்பது என் அபிப்பிராயம். நேரம் இல்லை என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் சும்மா.

சிறுகதையில் அந்த வசதி கிடையாது. வாசலில் ஆளை நிறுத்தினால் மூன்றாவது பக்கத்துக்குள் அவன் யார், ஏன் வந்தான் என்பதற்கு வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆளையே எடுத்துவிட வேண்டும்.

இதனால்தான் 'தனியாக நிற்கும் கதை' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாவலில் இருந்து ஓர் அத்தியாயத்தை உருவி, மேலே ஒரு தலைப்பு வைத்தால் அது சிறுகதை ஆகாது. உங்கள் நாவலைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் வேண்டாம், அவர்களிடம் கதையை ஏற்கனவே பத்து முறை சொல்லியிருப்பீர்கள். ஆபீஸ் நண்பர், மாடி வீட்டுக்காரர் யாராவது போதும். படித்துவிட்டு 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டால் சந்தோஷப்படுங்கள். 'இந்தச் சரசு யாரு? ஏன் கோவமா இருக்கா?' என்று கேட்டால் கதை இன்னும் நாவலின் இடுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது, இறக்கிவிட வேண்டும்.

பெரிய ஆட்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்க எழுத்தாளர் ஹியூ ஹௌவி 2011 ஜூலையில் 'வூல்' என்ற கதையை மின்புத்தகமாக வெளியிட்டார். பூமிக்கு அடியில் ஒரு பெரிய குழிக்கட்டடத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள், வெளியே போனால் மரணம். அந்த ஊர்க் காவல் அதிகாரி ஒருவர் வெளியே போகத் தானாகவே முன்வருகிறார். கதை அவரோடு முடிந்துவிடுகிறது. தொடரும் என்ற பேச்சே இல்லை. வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் அடுத்தடுத்த பாகங்களை எழுதினார். 2012 ஜனவரியில் ஐந்து பாகங்களும் சேர்ந்து ஒரே புத்தகமாக வந்தன. 2023ல் 'சைலோ' என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. முதல் கதை முழுதாக மூடப்பட்டதால் அவர் அடுத்ததற்குப் புது ஆட்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது என்பதை நான் முக்கியமாகக் கவனித்தேன். அந்தக் குழிக்கட்டடம் அப்படியே இருந்தது. ஆள்தான் மாறினார்.

ஆண்டி வியர் நம் இனம், சாஃப்ட்வேர்காரர். 'வார்கிராஃப்ட் 2' கேம் உருவானபோது அதில் வேலை செய்தவர். 2009ல் 'தி எக்' என்று சுமார் ஆயிரம் வார்த்தையில் ஒரு சிறுகதையைத் தன் இணையதளத்தில் போட்டார். இறந்துபோன ஒருவருக்கும் கடவுளுக்கும் நடக்கும் பேச்சு, அவ்வளவுதான். உலகம் முழுவதும் பல மொழிகளில் அது பரவியது. அதே காலத்தில்தான் செவ்வாய் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையை அதே தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட ஆரம்பித்தார். 2011ல் அது மின்புத்தகம், 2014ல் அச்சுப் புத்தகம், 2015ல் 'தி மார்ஷியன்' என்று சினிமா. சிறுகதையைப் பயிற்சிக்காகத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இரண்டு அளவுச் சட்டையும் தைக்கத் தெரிந்த கை அது என்கிறேன்.

எனக்கு அதிகம் பிடித்த உதாரணம் 'வோர்ம்'. வைல்ட்போ என்ற புனைபெயரில் எழுதும் கனடாக்காரர் 2011 ஜூனில் தொடங்கி 2013 நவம்பரில் முடித்த இணைய நாவல். வாரம் இரண்டு அத்தியாயம் என்று போய், மொத்தம் 16 லட்சம் வார்த்தைகளுக்கு மேல் வந்தது. அதைத் தொடங்குவதற்கு முன் பல வருடங்கள் அவர் அதே உலகத்தில் வெவ்வேறு ஆட்களை நடுவில் வைத்துத் துண்டு துண்டாக எழுதிப் பார்த்திருக்கிறார். அந்த ஆட்களில் பலர் பிறகு நாவலில் ஓரத்துப் பாத்திரங்களாக வருகிறார்கள். ஓரத்தில் வந்தாலும் அவர்கள் அட்டை பொம்மைகளாக இல்லை. ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் கதாநாயகர்களாக இருந்தவர்கள் இல்லையா?

தமிழில் பெரிய இணைய நாவல் என்றால் ஜெயமோகனின் 'வெண்முரசு'. 2014 ஜனவரி 1ல் தொடங்கி, தினம் ஓர் அத்தியாயம் என்ற முறையில் அவருடைய தளத்தில் வந்து, 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடிந்தது. மகாபாரதத்தை எடுத்து 'பத்மவியூகம்' போன்ற சிறுகதைகளை அவர் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எழுதியிருந்தார். நாம் 26 எழுதப் போவதில்லை. ஒன்றே நமக்கு மலை.

என் ஆறு கதைகள்

நாவலை ஒரு பேரன் சொல்வதாக நினைத்திருந்தேன். சென்னையில் வேலை பார்க்கிறான், ஊருக்கு வருகிறான், தாத்தாவின் தறியைப் பார்க்கிறான். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். முதல் சிறுகதையை அவனை வைத்தே எழுதினேன். ஒரே இடம், ஒரே மணி நேரம் என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி. பவானி கூடுதுறையில் தாத்தாவுக்குத் திதி கொடுக்கிறான். 900 வார்த்தையில் முடிந்தது. சுமாராக இருந்தது.

இரண்டாவது கதையில் பேச்சு மட்டும். ஜமக்காளத்தை மொத்தமாக எடுக்கும் வியாபாரியும் கிழவரும். வர்ணனை ஒரு வரி கூடக் கிடையாது, 'என்று அவர் கூறினார்' கிடையாது. பேச்சை வைத்தே யார் யார் என்று தெரிய வேண்டும். இது கடினமான பயிற்சி, ஆனால் கட்டாயம் செய்து பாருங்கள். கிழவர் 'என்ற பேரன்' என்பார், ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ங்க' போடுவார். வியாபாரி வெளியூர், விலையைத் தவிர வேறு எதையும் முழு வாக்கியமாகச் சொல்ல மாட்டார். நாவல் முழுவதும் இந்தக் கிழவர் எப்படிப் பேசுவார் என்பது அந்த 1100 வார்த்தையில் முடிவாகிவிட்டது. 40 அத்தியாயம் தாண்டிய பிறகு அவர் திடீரென்று சென்னைத் தமிழில் பேசிவிடுவாரோ என்ற பயம் இல்லை.

மூன்றாவதில் தறியை விற்கும் இரவு. அதைக் கிழவர் வழியாக எழுதினேன். நான்காவதில் அதே இரவு, அதே வீடு, ஆனால் மருமகள் வழியாக. அவள் 30 வருடம் தார் சுற்றியவள். நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊடை நூலை ராட்டையில் சின்னக் குழலில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்கள், அந்தக் குழலுக்குத் தார் என்று பெயர். தார் தீர்ந்தால் தறி நிற்கும். குழிக்குள் உட்கார்ந்து நெய்கிறவரின் பெயர்தான் கூலி நோட்டில் இருக்கும். தார் சுற்றுகிறவளின் பெயர் எங்கேயும் இருக்காது. தறி போகிற இரவில் கிழவர் அழுகிறார், எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நாளையிலிருந்து அவளுக்கும் வேலை இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் மீதமிருக்கும் நூலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள்.

இந்தக் கதை எட்டே நாளில் முடிந்தது. முடித்த இரவு நாவல் யாருடையது என்பது தெரிந்துவிட்டது. பேரன் சொல்லத் தேவையில்லை, அவள் சொல்லட்டும். மூன்று தலைமுறையையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்தான். 60 அத்தியாயத் தொடரில் 20ஆவது வாரத்தில் இது தெரியவந்தால், வெளியாகிவிட்ட 19 அத்தியாயத்தை என்ன செய்வது? நான்காவது சிறுகதையில் தெரிந்ததால் எனக்கு இரண்டு வாரம்தான் செலவு.

என் அம்மாவும் தார் சுற்றியவர். கதையை 14 பாயிண்ட் எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "நூல் அறுந்தா கண்ணால பார்க்க வேண்டியதில்லப்பா, கைக்கே தெரிஞ்சிடும். அதையும் சேர்த்துக்கோ" என்றார். சேர்த்துக்கொண்டேன். பிறகு அடுப்படியில் இருந்துகொண்டு, இத்தனை வருடத்தில் தன்னிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை என்று சொன்னார். அந்த நாவலை நான் எழுதியே தீர வேண்டும் என்று ஆனது அன்றைக்குத்தான்.

ஐந்தாவதும் ஆறாவதும் நாவலுக்குச் சம்பந்தமே இல்லாத கதைகள். ஒன்று மின்சார ரயிலில் நடக்கிறது, ஒன்று பேய்க்கதை. எப்போதும் ஒரே வீட்டையே சுற்றிக்கொண்டிருந்தால் கை இறுகிவிடும்.

கம்ப்யூட்டரில் கவனிக்க வேண்டியவை

முதலில் யூனிகோடில் டைப் செய்யுங்கள். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போய்த் தமிழைச் சேர்த்தால் போதும், தமிழ்99, ஃபொனெட்டிக் இரண்டு கீபோர்டுகளும் கிடைக்கும். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறும். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் டைப் செய்தால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், இணையத்தில் யாரும் தேடவும் முடியாது.

வேர்டு இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரை நிறுவிக்கொள்ளலாம். சிறுகதைக்கு நோட்பேடே போதும். உங்களுடையது பழைய விண்டோஸ் என்றால் சேவ் அஸ் கொடுக்கும்போது கீழே என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஃபைலை மறுபடி திறக்கும்போது கதை முழுவதும் கேள்விக்குறிகளாக நிற்கும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஃபைலின் பிரதி ஒன்றை 01, 02, 03 என்று எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் சில புரோகிராம்களில் பெயர்வரிசை பார்க்கும்போது 10ஆம் ஃபைல் 2க்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வேர்டில் ரிவ்யூ மெனுவில் உள்ள கம்பேர் மூலம் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டால் எதை வெட்டினீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்று வண்ணத்தில் காட்டும். என் நான்காவது கதை 1700 வார்த்தையில் இருந்து 1200 ஆனது. வெட்டியதில் பெரும்பகுதி முதல் பக்கம். கன்ட்ரோல் எஃப் அழுத்தி 'திடீரென்று', 'மெல்ல', 'ஏனோ' ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். எண்ணிக்கை உங்களுக்கே சிரிப்பாக இருக்கும்.

இன்னொரு வசதி, கதையை வாசித்துக் காட்டச் சொல்வது. கதையை பி.டி.எஃப். ஆக மாற்றி எட்ஜ் பிரவுசரில் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரல் பட்டியலில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு தமிழ்க் குரல்கள் இருக்கின்றன. இதற்கு இணைய இணைப்பு தேவை. நாம் படிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும் வாக்கியத்தில் அந்தக் குரல் முக்கும். அங்கே வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம். பேச்சுத் தமிழை மட்டும் அது கொஞ்சம் விசித்திரமாக வாசிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுகதை சொல்லித் தராதது

தொடருக்கு ஞாபக சக்தி வேண்டும். ஐந்தாவது அத்தியாயத்தில் இடது காலில் அடிபட்டவர் 50ஆவதில் வலது காலை நொண்டக்கூடாது. எந்தச் சிறுகதையும் இதைப் பழக்காது. இதற்கு எக்செல் வைத்திருக்கிறேன். ஒரு வரிசையில் ஆள், அடுத்ததில் பிறந்த வருடம், ஊர், யாரை எப்படிக் கூப்பிடுவார், எந்த அத்தியாயத்தில் கடைசியாக வந்தார். வெளியாகிவிட்ட அத்தியாயத்தைத் திருத்தலாம், ஆனால் படித்துவிட்டவர் மனதில் இருப்பதைத் திருத்த முடியாது.

வாசகரைக் காக்க வைக்கவும் சிறுகதையில் பழக முடியாது. ஒரு பதிலை ஆறு வாரம் கையில் வைத்திருப்பது வேறு கலை. அதைத் தொடர் எழுதித்தான் கற்க வேண்டும். ஆனால் முடிக்கத் தெரிந்தவர் ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு சின்ன விஷயத்தையாவது முடித்துவிட்டுத்தான் பெரியதைத் தொங்கவிடுவார். வாரா வாரம் வருகிறவருக்கு வெறுங்கை இருக்காது.

எப்போது தொடரை ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், என் அளவுகோல் இதுதான். நாவலைத் தெரியாத இருவர் அடுத்தடுத்து இரண்டு சிறுகதைகளைப் படித்து, யார் இவர் என்று கேட்கவே இல்லை என்றால் தயார். பிறகும் உடனே வெளியிட வேண்டாம். பத்து அத்தியாயம் கையில் இருக்கட்டும், அதில் ஒன்று கடைசி அத்தியாயமாக இருக்கட்டும். என்னிடம் இப்போது ஏழு இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை எழுதிவிட்டேன், 2300 வார்த்தை. பென் டிரைவில் ஒரு பிரதி, அம்மாவிடம் அச்சில் ஒரு பிரதி. அடுத்த முறை எழுத்தை 16 பாயிண்டில் போடச் சொல்லியிருக்கிறார்.